புதுப்பிப்பு: இத்தாலி ரயில் டிக்கெட்டில் முத்திரை குத்துவது

பிளாரன்ஸிலிருந்து பீசா போகும் சாதாரண ரயிலுக்கு ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கினால் போதுமா, வேறு ஏதும் செய்ய வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏறும் முன்பே நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. காகித டிக்கெட்டின் முனையைச் செருகினால் தேதியும் நேரமும் அச்சாகிவிடும். பரிசோதகர் முதலில் தேடியது அந்த அச்சைத்தான். முத்திரை இல்லையென்றால் அபராதம். இருக்கை எண் போட்ட அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு இது தேவையில்லை.

எதிர்பாராத விஷயம் ஒன்று: ரோமில் தண்ணீர் பாட்டிலே வாங்க வேண்டியிருக்கவில்லை. தெருவெங்கும் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்களில் ஜில்லென்ற குடிநீர் இலவசம். கீழ்வாயை விரலால் அடைத்தால் மேல்துளை வழியே நீர் பீய்ச்சும். குனிந்து அப்படியே குடிக்கலாம். காலி பாட்டில் ஒன்றை அவசியம் எடுத்துப் போங்கள்.