எண்ணெயைக் கூட்டிக் கூட்டி மணத்தைத் தொலைத்த கதை

மூடியைத் திறந்து முகர்ந்தால் கமகமவென்று இருக்கும், பற்றவைத்தால் ஒன்றுமே வராது. வீட்டில் நான் ஊற்றிய முதல் ஏழெட்டு மெழுகுவர்த்திகள் இப்படித்தான். மல்லிகை வாசனை எண்ணெய் போட்ட ஒன்று இரண்டு மணி நேரமாக எரிந்துகொண்டிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து அக்கா, "இன்னும் பத்த வைக்கலையா?" என்கிறாள்.

எண்ணெய் போதவில்லை என்று முடிவுகட்டினேன். அரைக் கிலோ சோயா மெழுகுக்கு 30 கிராம் போட்டுக்கொண்டிருந்தவள் 70 கிராம் வரை போனேன். இறுகிய மெழுகின் மேல் வியர்த்தது மாதிரி துளித்துளியாக எண்ணெய். பற்றவைத்தால் திரி நுனியில் கறுப்பாக ஒரு காளான், கண்ணாடி விளிம்பெல்லாம் கரி. மணமோ பழையதை விடக் குறைவு! சோயா மெழுகில் பெரும்பாலானவை எடையில் 10 சதவீதத்துக்கு மேல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளாதாம். மிஞ்சியது கசியும், திரியில் ஏறி அடைக்கும். இப்போது 8 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்: 500 கிராமுக்கு 40 கிராம், அதுவும் தராசில் நிறுத்து. மூடியால் அளந்த காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உண்மையில் கோளாறு திரியில் இருந்தது. என் கண்ணாடிக் குவளை ஏழரை சென்டிமீட்டர் அகலம். நான் போட்டிருந்த மெல்லிய திரி தன்னைச் சுற்றி நாணயம் அளவுக்கு மட்டும் உருக்கிக்கொண்டு கிணறு தோண்டினாற்போல் கீழே இறங்கியது. சுற்றிலும் மெழுகுச் சுவர் அப்படியே நின்றது. மணம் பெரும்பாலும் சுடரிலிருந்து வருவதில்லை, உருகி நிற்கும் மெழுகின் பரப்பிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் பரப்பே இல்லாமல் எவ்வளவு எண்ணெய் போட்டு என்ன? ஒரு அளவு தடித்த திரிக்கு மாறினேன். மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு விளிம்பைத் தொட்டது, ஆழம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். அன்றைக்கு அக்கா தானாகவே வந்து எட்டிப் பார்த்தாள்.

அதற்காக ரொம்பத் தடித்ததும் ஆகாது. புகையும், குவளை தொட முடியாத அளவுக்குச் சுடும்.

இன்னொன்று, பொறுமை. ஒரே கலவையில் ஊற்றிய இரண்டில் ஒன்றை மறுநாளும் மற்றதை 14-ஆம் நாளும் எரித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே எண்ணெய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாரஃபின் மெழுகுக்கு இவ்வளவு நாள் தேவையில்லை, இரண்டு மூன்று நாளே போதும். குவளையின் அடியில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கை சும்மா இருக்காது.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன். நான் மெழுகுவத்தி பக்கமே போகவில்லை, வார்மரில் (திரியில்லாமல் மெழுகைச் சூடாக்கும் சின்னக் கருவி) உருக்கும் மெழுகு வில்லைகள் மட்டும்தான். திரி இல்லை, அதனால் அது அடைக்குமே என்ற கவலையும் இல்லை. அந்த மெழுகு தாங்கும் எல்லை வரை எண்ணெய் போடலாம். ஆனால் என் முதல் வார்மர் அடுப்பு மாதிரிச் சுட்டது. எலுமிச்சை வில்லை போட்டால் அரை மணி நேரம் வீடே மணக்கும், அப்புறம் சுத்தமாகப் போய்விடும். எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் சட்டென்று ஆவியாகிற ரகம். வனிலா, சந்தனம் மெதுவாக விடும். இரண்டு ரகத்தையும் கலந்து போட ஆரம்பித்த பிறகு சாயங்காலம் வரை நிற்கிறது. வனிலா போட்டால் வில்லை பழுப்பாக மாறும், பயப்பட வேண்டாம், அது வனிலாவில் இருக்கும் வனிலின் என்ற பொருளின் வேலை.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வில்லை கரைந்து தீரவே இல்லையே என்று ஒரே மெழுகைப் பத்து நாள் உருக்கிக்கொண்டிருந்தேன். போவது மணம் மட்டும்தான், மெழுகு அப்படியே இருக்கும். வாசனை போனதும் பஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

* * *

என் கதையையும் கேளுங்கள்: வாசனை எண்ணெய்க்குப் பதில் சமையல் எசென்ஸைக் கலந்தவன் நான். அது மெழுகோடு சேரவே இல்லை. அடியில் முத்து முத்தாகத் தங்கி, பற்றவைத்ததும் படபடவென்று தெறித்தது. உடம்புக்கு அடிக்கும் சென்ட்டையும் ஊற்றப் போனேன், நல்லவேளை, அம்மா பார்த்துவிட்டார். அதில் இருப்பது ஆல்கஹால், சூடான மெழுகில் ஊற்றினால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

* * *

பதிவை எழுதியவள்தான் மறுபடி வருகிறேன். எண்ணெயை எந்தச் சூட்டில் கலப்பது என்று கேட்டவருக்கு: நான் சோயாவில் 80 டிகிரியை ஒட்டிக் கலந்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுகிறேன். புட்டியில் போட்டிருக்கும் ஃபிளாஷ் பாயின்ட்டைத் தாண்டினால் மணம் எரிந்துபோகும் என்பது கட்டுக்கதை. பக்கத்தில் நெருப்பு இருந்தால் ஆவி எந்தச் சூட்டில் பற்றும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதனால்தான் மெழுகை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குகிறோம்.

அப்புறம், மணமே வரவில்லை என்று ஆறு குவளைகளைத் தூக்கிப் போட்டவள் நான்தான். நாள் முழுக்க அந்த எண்ணெயோடு உட்கார்ந்திருந்த மூக்குக்கு என்ன தெரியும்? இப்போதெல்லாம் பற்றவைத்துவிட்டு ஒரு நடை வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறேன்.