பக்கத்து போலீஸ்காரருக்கு இங்க புரமோஷனா?

டப்ளின்வாசி:
நேத்து இன்னொரு இழையில ஒருத்தர், "கார்டால, அதாவது அயர்லாந்து போலீஸ்ல, மேல் பதவிக்கு பிரிட்டனுக்குக் கீழ இருக்கற வட அயர்லாந்து போலீஸ் பி.எஸ்.என்.ஐ ஆபீசருங்களையும் விடுறது நல்லதுதான், போலீஸ்னா எல்லா ஊர்லயும் போலீஸ்தானே"னு எழுதியிருந்தாரு. படிச்சதுலருந்து கடுப்பு. கார்டா வெறும் போலீஸ் இல்ல சார், இந்த நாட்டோட உளவு வேலையும் அவங்கதான் பாக்குறாங்க. அங்கருந்து வர்றவர் பிரிட்டன் ரகசியக் காப்புச் சட்டத்துக்குக் கையெழுத்து போட்டவரு. ராஜினாமா பண்ணா அந்தக் கையெழுத்து அழிஞ்சிடுமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பெல்ஃபாஸ்ட் குமார்:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். இது என்னமோ நேத்து முளைச்ச மாதிரி பேசுறீங்க. வட அயர்லாந்து போலீசைச் சீர்திருத்த அமைச்ச பேட்டன் கமிஷன் 1999லயே சொல்லி, 2002ல அயர்லாந்து, பிரிட்டன் ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டாச்சு. பி.எஸ்.என்.ஐல ரெண்டாவது இடத்துல இருந்த ட்ரூ ஹாரிஸ் 2018 செப்டம்பர்ல நடுராத்திரி கெவின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல உறுதிமொழி எடுத்து கார்டாவோட தலைவர், கமிஷனராவே உக்காந்து, ஏழு வருஷம் ஓட்டி 2025ல ரிட்டையரும் ஆயிட்டாரு. நாடு கவுந்துச்சா?

டப்ளின்வாசி:
உறுதிமொழி எடுத்தாரு, தெரியும். நான் கேட்டது கையெழுத்து.

வக்கீலம்மா:
ஒரு சின்னத் திருத்தம். அந்த 1989 சட்டம் கையெழுத்து போட்டாலும் போடாட்டியும் போலீஸ்காரங்களைக் கட்டுப்படுத்தும், கையெழுத்து சும்மா ஞாபகப்படுத்தத்தான். அதுவும் அவங்க ரகசியத்தை வெளிய சொல்லாதேன்னுதான் சொல்லுது, அடுத்தவன் ரகசியத்தைக் கொண்டாந்து குடுன்னு சொல்லல.

டப்ளின்வாசி:
அப்ப இன்னும் மோசமா போச்சேம்மா! கையெழுத்தே போடாமலும் கட்டுப்பட்டவர். அதைத்தானே நானும் முதல்லருந்து சொல்றேன்.

வக்கீலம்மா:
நீங்க சொன்னது அது இல்ல. விடுங்க.

எல்லைக்கோட்டு அண்ணாச்சி:
டப்ளின்ல உக்காந்துக்கிட்டு பேசுறது ஈசி தம்பி. எங்க ஊர்ல பால் வாங்கப் போனாலே பாதி ரோடு வடக்குலதான், ஸ்பீடு போர்டு கிலோமீட்டர்லருந்து மைலுக்கு மாறுனாதான் நாடு மாறிடுச்சுன்னே தெரியும். எங்க கடை வேன் திருடு போனப்ப இந்தப் பக்கம் "அங்க கேளுங்க"ன்னாங்க, அந்தப் பக்கம் "அங்கயே எழுதிக் குடுங்க"ன்னாங்க. மூணு வாரம் நடந்தேன், திருடன் மட்டும் ஒரே ராத்திரில தாண்டிட்டான். ரெண்டு பக்கமும் வேலை பாத்த ஆள் ஒருத்தர் மேல இருந்தா இந்த அலைச்சல் எதுக்கு?

டப்ளின்வாசி:
வேன் போனதுக்கு வருத்தம் அண்ணாச்சி. வேனுக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஏட்டையா மகன்:
எனக்கு கையெழுத்தெல்லாம் தெரியாது. எங்கப்பா மதுரைல ஏட்டாவே ரிட்டையர் ஆனவரு, கடைசி வருஷம் வரைக்கும் "இந்தத் தடவை வந்துரும்டா"ம்பாரு. உள்ள வரிசைல நிக்கிறவன் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியாது. மேல இருக்கறதே கொஞ்சம் சீட்டு, அதுக்கும் வெளிய கதவைத் தொறந்தா எப்படி?

பெல்ஃபாஸ்ட் குமார்:
நம்ம ஊர்ல பீகார்லருந்து ஐ.பி.எஸ் வந்து எஸ்.பி ஆகலையா? அப்ப எங்க போச்சு வயித்தெரிச்சல்?

ஏட்டையா மகன்:
அது ஒரே நாடு. இது ரெண்டு நாடு. இதுகூடத் தெரியாமத்தான் இவ்ளோ நேரம் பேசுறீங்களா?

டப்ளின்வாசி:
ஆங், இப்ப வந்தீங்க வழிக்கு. 2023ல கார்டா ஆளுங்களோட சங்கம் ஜி.ஆர்.ஏ நடத்துன ஓட்டெடுப்புல 98.7 சதவீதம் பேர் ஹாரிஸ் மேல நம்பிக்கை இல்லன்னு குத்துனாங்க. 2019ல அவரை ஏத்திட்டு வந்த பி.எஸ்.என்.ஐ வண்டி ஃபீனிக்ஸ் பார்க் கார்டா ஹெட்குவார்ட்டர்ஸ் வாசல் தடுப்புல மாட்டிக்கிச்சே, அதையும் மறந்துட்டீங்களா? வாசலுக்கே தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியல.

பெல்ஃபாஸ்ட் குமார்:
அந்த ஓட்டெடுப்பு ரோஸ்டர் சண்டைக்காக சார், ஷிஃப்ட் நேரம்! பாதியை மட்டும் எடுத்து நீட்டாதீங்க. அந்த மனுசனோட அப்பாவும் போலீஸ்காரர், 1989ல பிரிட்டன் ஆட்சியை எதிர்த்துச் சண்டை போட்ட ஐ.ஆர்.ஏ ஆயுதக்குழு வெச்ச குண்டுல செத்தாரு. அப்படிப்பட்டவர் தெற்க வந்து வேலை பாத்தாரே, அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?

டப்ளின்வாசி:
மரியாதை இருக்கு. அவர் அப்பாவுக்காக நெஜமாவே வருத்தம்தான். கையெழுத்து?

பெல்ஃபாஸ்ட் குமார்:
யப்பா சாமி.

எல்லைக்கோட்டு அண்ணாச்சி:
இங்கருந்தும் அங்க போலாம்னுதானே அந்த ஒப்பந்தம்? நம்ம கார்டா ஆளுங்க அங்க போய் பெரிய பதவில உக்காந்தா இதே கேள்வியைக் கேப்பீங்களா தம்பி?

டப்ளின்வாசி:
போகட்டும், அப்புறம் பேசிக்கலாம். அண்ணாச்சி, நீங்க எப்பவும் குமார் பக்கம்தான், பொங்கல் விழா ஹால் அட்வான்ஸ் விஷயத்துலயே பாத்தேனே.

பெல்ஃபாஸ்ட் குமார்:
அட்வான்ஸை நான் ஜனவரிலயே திருப்பிக் குடுத்தேன்!!

டப்ளின்வாசி:
பாதிதான்.

ஏட்டையா மகன்:
எது, அந்த 200 யூரோவா? அதுல என் காசும் இருக்கு, எனக்கு இன்னும் ஒரு பைசா வரல.

வக்கீலம்மா:
இதுக்குத்தான் நான் விழாவுக்கே வர்றதில்ல.

பெல்ஃபாஸ்ட் குமார்:
ரசீது இருக்கு, நாளைக்குப் போடுறேன்.

டப்ளின்வாசி:
போடுங்க. அதுலயாவது கையெழுத்து இருக்கான்னு பாப்போம்.