பூசாத பிளாக் சுவர்: ஸ்விட்ச் பாக்ஸிலிருந்து தண்ணீர் கொட்டிய ராத்திரி

லாஸ்பேட்டை வடக்குவீடு:

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீடு கட்டி மூன்று வருடம். ஹாலின் வடக்குச் சுவர் மட்டும் எட்டு இஞ்ச் ஸ்பிளிட் ஃபேஸ் பிளாக், அதாவது முகம் உடைத்த கல் மாதிரிக் கரடுமுரடாகவும் நடுவில் பொந்தாகவும் இருக்கும் கான்கிரீட் பிளாக். வெளியே பூச்சு கிடையாது. உள்ளே பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறோம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையேறிய ராத்திரி. கரண்ட் எப்போதோ போய்விட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய வேட்டியைத் திணித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சொட்டுச் சத்தம். திரும்பிப் பார்த்தால் டிவிக்குப் பக்கத்து ஸ்விட்ச் பாக்ஸ். தளத்தில் ஒழுகல் இல்லை, அந்தச் சுவரில் தண்ணீர்க் குழாயும் இல்லை. ஸ்விட்சுக்கும் பிளேட்டுக்கும் நடுவே நூல் அளவு இடுக்கு இருக்கும் அல்லவா, அதில் தண்ணீர் திரண்டு திரண்டு விழுகிறது. பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். ஒரு சொம்புத் தண்ணீர் மொத்தமாக என் கைமேல் கொட்டியது. சில்லென்று, ஈர சிமெண்ட் வாசனையோடு. கரண்ட் மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. பக்கத்தில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது என்பது உண்மைதான். கட்டிக் கொடுத்தவரும் அதைத்தான் சொல்கிறார், அந்த மழைக்கு எந்தச் சுவரும் தாங்காதாம். பக்கத்து வீட்டுச் செங்கல் சுவர் பழசு, பூச்சில் அங்கங்கே விரிசல்கூட இருக்கிறது. அங்கே ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மஞ்சக்குப்பம் டீச்சர்:

படிக்கவே பயமாக இருக்கிறது சார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிது.

எனக்குத் தண்ணீர் உள்ளே வரவில்லை, வெளியேதான் கஷ்டம். வீட்டு முன்சுவரில் செங்காவி நிறக் கலர் பிளாக் வைத்தோம். கட்டி முடித்த முதல் ஐப்பசி மழை விட்டதும் சுவர் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. பெயிண்டர் ஒருவர் “ஆசிட் போட்டா அஞ்சு நிமிஷத்துல போயிடும்மா” என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்தான். தண்ணீர்கூடக் கலக்கவில்லை. மக்கில் மொண்டு வீசினார். சுவர் ‘உஸ்ஸ்’ என்று சீறியது, நுரை பொங்கி வழிந்தது. கீழே வைத்திருந்த செம்பருத்திச் செடியின் இலை கண் முன்னாலேயே சுருண்டது. நுரை அடங்கியதும் பார்த்தால் உப்பு போயிருந்தது, கூடவே சுவரின் முகமும் போயிருந்தது. மேலே இருந்த சிமெண்டுப் பால் அரித்துப்போய்ச் சின்னச் சின்ன ஜல்லி பல் மாதிரித் தெரிந்தது. அவர் வீசிய இடமெல்லாம் வெளுப்பு, வீசாத இடமெல்லாம் காவி. அடுத்த மழையில் உப்பு மறுபடியும் பூத்தது, முன்பைவிட அதிகமாக. தினமும் கேட்டைத் திறக்கும்போது அந்தத் திட்டுத்தான் முதலில் கண்ணில் படுகிறது.

முதுநகர் கடற்கரைத்தெரு:

டீச்சர், உங்களுடையது சுண்ணாம்பு உப்பாக இருக்கலாம். எங்களுடையது நிஜ உப்பு. எப்படித் தெரியும் என்றால், என் அப்பா சுவரை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு “கடல் தண்ணியிலதான்டா பிளாக் போட்டிருக்கான்” என்றார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அவர் நாக்குக்குத் தெரியும்.

பிளாக் வாங்கின யார்டில் போர்த் தண்ணீர் உப்பு. அதிலேயே கலவை போட்டு, அதையே தெளித்து ஆற்றியிருக்கிறார்கள். விலை குறைவு என்று வாங்கிவிட்டோம். இப்போது விடியற்காலையில் சுவர் கறுத்து ஈரமாக இருக்கும். மழையே இருக்காது. வெயில் ஏறினால் காயும், மறுநாள் மறுபடி ஈரம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டலுக்குப் பக்கத்தில் பிளாக்கின் பொந்துக்குள் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்பிய இடத்தில் துரு வழிய ஆரம்பித்துவிட்டது. அதற்கு எந்தக் கோட்டிங்கும் மருந்தில்லை. வாங்குவதற்கு முன்னால் யார்டுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்திருக்கலாம்.

வில்லியனூர் சைட்காரன்:

இந்தத் துறையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிளாக்கைத் திட்டாதீர்கள், பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே காரை வைத்த ஜாயிண்டைப் பாருங்கள்.

என் அனுபவம் சின்னதுதான். முதல் வேலையில் எங்கள் மேஸ்திரி யார்டில் போய் எதுவும் பேசாமல் இரண்டு பிளாக்கைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். ஒன்றில் முத்து முத்தாக நின்றது, ஒன்றில் ஊற்றின சுவடே இல்லாமல் உறிஞ்சிவிட்டது. “ரெண்டும் ஒரே விலைதான் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். 16 இஞ்சுக்கு 8 இஞ்ச் பிளாக் என்றால் 100 சதுர அடிச் சுவருக்கு 112 பிளாக் வரும். ஜாயிண்டையெல்லாம் நீட்டி வைத்தால் 225 அடி. அதில் மயிரிழை விரிசல் எங்கே இருந்தாலும் போதும், காற்று தள்ளும்போது தண்ணீர் உள்ளே போய்விடும். உள்ளே போனது பொந்து வழியாகக் கீழே இறங்கும். கீழே வழி இல்லையென்றால் பொந்திலேயே தேங்கும். உங்கள் எலெக்ட்ரீஷியன் பைப்புக்காக உள்பக்கம் வெட்டிய இடம்தான் அதற்குக் கிடைத்த வாசல். பக்கத்து வீட்டுச் செங்கல் சுவரில் பொந்து இல்லை, வெளிப்பூச்சும் இருக்கிறது. மழையைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் கக்கிவிடும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

பாயிண்டிங், அதாவது ஜாயிண்ட் காரையின் வெளிமுகத்தை, எப்படி முடித்தார்கள் என்று பாருங்கள். பிளாக் ஓரம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று காரையை அரை இஞ்ச் உள்ளே சுரண்டியிருந்தால் ஒவ்வொரு வரிசையும் தண்ணீர் நிற்கிற திண்ணைதான். கலவை பாதி இறுகும்போது உருட்டுக் கம்பியால் அழுத்தி இழுத்து, குழிவாக முடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் காரை பிளாக்கோடு ஒட்டும். தண்ணீர் ஒட்டாமலிருக்க மருந்து கலந்த பிளாக் வாங்கியிருந்தால் அதே மருந்து காரைக் கலவையிலும் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிளாக் தடுக்கும், ஜாயிண்ட் உள்ளே விடும்.

இன்னொன்று, நம் கொத்தனார்கள் செங்கல் பழக்கத்தில் பிளாக்கையும் ஹோஸ் பிடித்து நனைத்துத்தான் வைப்பார்கள். கூடாது. நனைந்த பிளாக் சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்கும், ஜாயிண்ட் ஓரமாக ஏணிப்படி மாதிரி விரிசல் விழும். வெயில் கடுமையாக இருந்தால் காரை படும் இடத்தை மட்டும் லேசாக ஈரம் செய்தால் போதும். யார்டிலேயே 14 நாள் தண்ணீர் காட்டி, அப்புறம் நாலு வாரம் காயவிட்ட பிளாக்தான் சுவருக்கு வர வேண்டும். சூடு ஆறாத இட்லி மாதிரி நேற்றுப் போட்டதை இன்று லோடு ஏற்றி அனுப்புகிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் காய்ந்த மூன்று பிளாக்கை எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 16 கிலோ இருந்த பிளாக் 17.6 கிலோவைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். இந்தியத் தர நிர்ணயமும் பத்து சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்றுதான் சொல்கிறது. பூச்சு இல்லாத சுவருக்கு அளவும் முக்கியம். நீளத்தில் 5 மி.மீ., உயரத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. வரைதான் கூடவோ குறையவோ இருக்கலாம். கலர் பிளாக் என்றால் நாலைந்து அடுக்கிலிருந்து மாற்றி மாற்றி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே அடுக்கை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் சுவரில் பட்டை பட்டையாக நிறம் மாறும். வேலை தொடங்கும் முன் நாலு அடிக்கு நாலு அடி மாதிரிச் சுவர் ஒன்று எழுப்பி, காய்ந்ததும் ஹோஸ் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

டீச்சர் அக்கா, ஆசிட் பட்ட பிளாக்கைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புது உப்பு பூத்தால் காய்ந்த தேங்காய் நார் பிரஷால் முதலில் உலர்வாகத் தேய்த்துப் பெருக்கி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும்.

திருப்பாதிரிப்புலியூர் பழையவன்:

தம்பி சொல்வது சரி. ஆனால் இவ்வளவு பத்தியம் பார்க்க வேண்டிய பொருள் வீட்டுக்கு எதற்கு? புதுச்சேரியிலேயே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி இருக்கிறதே, 1937-ல் வேலை தொடங்கியது. பூசாத கான்கிரீட், இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. அந்தக் காலத்து அக்கறை இப்போது இல்லை, அதுதான் விஷயம்.

வில்லியனூர் சைட்காரன்:

ஐயா, அது பலகை அடைத்து மொத்தமாக வார்த்த கான்கிரீட். 112 துண்டை ஒட்டி எழுப்பிய சுவர் இல்லை. அக்கறை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் பொருள் வேறு.

பண்ருட்டி முந்திரித்தோப்பு:

சண்டை வேண்டாம். தானே புயல் ஞாபகம் இருக்கிறதா, 2011 டிசம்பர் 30 விடியற்காலை? பலா, முந்திரி எல்லாம் சாய்ந்ததை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது எங்கள் தோப்பின் பிளாக் காம்பவுண்டு. நூறு அடி நீளம், நடுவில் ஒரு தூண் கிடையாது, பொந்துக்குள் ஒரு கம்பி கிடையாது. வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தேன். உடைந்து சிதறவில்லை, பாயை விரித்த மாதிரி அப்படியே படுத்திருந்தது. ஒரு ஜாயிண்ட் கலையவில்லை. அடியில் எங்கள் கறவை மாடு.

திரும்பக் கட்டும்போது பத்தடிக்கு ஒரு தூண், அந்த இடத்துப் பொந்தில் அஸ்திவாரத்திலிருந்தே கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்பினோம். சுவர் சுருங்கி விரிய இருபது அடிக்கு ஒரு இடைவெளி விட்டோம். ஃபெஞ்சலுக்கு அசையவில்லை.

நெல்லிக்குப்பம் ரோடு:

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் உறுத்துகிறது. ரோட்டோரச் சுவர், கரடுமுரடு பிளாக். தேர்தலுக்கு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். மைதா பசை அந்த மேடு பள்ளத்துக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. கோபத்தில் இரும்புக் கம்பி பிரஷால் ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். போஸ்டர் போனது. பத்து நாளில் சுவரெங்கும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள். பிரஷின் கம்பித் துணுக்குகள் பிளாக்கில் மாட்டித் துருப்பிடித்திருக்கின்றன. சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்திருந்தால் மைதா தானாக வந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

லாஸ்பேட்டை வடக்குவீடு:

எல்லாருக்கும் நன்றி. பண்ருட்டி நண்பரே, மாட்டைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வில்லியனூர் தம்பி சொன்னதை வைத்து முந்தாநாள் வெளிச்சுவரைப் பார்த்தேன். காரை அரை இஞ்ச் உள்ளே சுரண்டித்தான் இருக்கிறது. விரல் வைத்தால் ஒவ்வொரு வரிசையிலும் பாசி வழுக்குகிறது. நேற்றுக் காலையில் மெயினை அணைத்துவிட்டு, வெளியே சுவரின் அடியில் ஓடும் கான்கிரீட் பெல்ட்டுக்கு மேலே இருக்கும் முதல் வரிசையில் ஒவ்வொரு பொந்துக்கும் நேராக எட்டு மி.மீ. பிட் போட்டு ஓட்டை போட்டேன். முதல் இரண்டில் வெறும் தூள். மூன்றாவதில் பிட்டை உருவியதும் பழுப்பாகத் தண்ணீர் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது. மழை விட்டு ஆறு வாரம் ஆகிறது. ஆறு வாரமாக என் ஹால் சுவருக்குள் நின்றிருக்கிறது. சாயங்காலத்துக்குள் இரண்டு வாளி நிறைந்தது. ஏழாவது ஓட்டை இன்னும் சொட்டுகிறது, கீழே சொம்பு வைத்திருக்கிறேன்.

பழைய காரையைச் சுரண்டி எடுத்துக் குழிவாகப் பாயிண்டிங் போட ஆள் பேசியாகிவிட்டது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வெளியே தண்ணீர் ஒட்டாமல் செய்யும் சைலேன்-சைலாக்சேன் கோட்டிங் அடிக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார், அது ஈரத்தை உள்ளே அடைக்காதாம். பிளாஸ்டிக் மாதிரிப் படலம் விடும் பெயிண்ட் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அந்த ஸ்விட்ச் பாக்ஸைத் தெற்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.

தம்பி, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஓட்டைகளை அப்படியே விட்டால் எறும்பும் குளவியும் குடிவந்துவிடும் போலிருக்கிறது. எவர்சில்வர் வலையைச் சுருட்டி உள்ளே வைக்கலாமா, தண்ணீர் வருவது தடைப்படுமா?