பிலிப்பைன்ஸ் பாட்டிக்கு 70: பன்சித், அடோபோ சென்னையில் செய்ய வழி?

கேள்வி: பக்கத்து ஃபிளாட் பாட்டி மணிலாவிலிருந்து வந்து, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் இங்கேயே ஆளாக்கியவர். பிறந்தநாள் அன்னிக்காவது அவரை அடுப்படிப் பக்கம் விடாம, அவங்க ஊர் பன்சித், அடோபோ ரெண்டையும் நாங்களே செய்யணும். எதைக் கவனிக்கணும்?

பதில் 1: பன்சித்ங்கிறது அவங்க ஊர் நூடுல்ஸ், நீண்ட ஆயுசுக்காகப் பண்றது, நூடுல்ஸை உடைக்கவே கூடாது. மளிகைக்கடை அரிசி சேமியா துண்டு துண்டா இருக்கும், வேண்டாம். நீளமான அரிசி நூடுல்ஸ் கால் கிலோவைப் பச்சைத் தண்ணியில 10 நிமிஷம் ஊறவைங்க, வெந்நீர்னா குழைஞ்சிடும். பூண்டு, வெங்காயம், கோழி, கேரட், பீன்ஸ், கோஸ் வதக்கித் தனியா எடுத்துட்டு, அதே சட்டியில 3 கப் சிக்கன் சூப்பும் சோயா சாஸும் கொதிக்கவிட்டு நூடுல்ஸைப் போடுங்க. சூப் முழுக்க இழுத்ததும் காயைக் கலந்துடலாம். மேல பிழியற கலமான்சிக்கு (அவங்க ஊர் குட்டி எலுமிச்சை மாதிரிப் பழம்) பதில் நம்ம எலுமிச்சை.

பதில் 2: அடோபோவுக்கு (வினிகர், சோயா சாஸ்ல வேகவைக்கிற கோழி) குக்கர் வேண்டாங்க, வினிகர் நெடி உள்ளேயே தங்கிடும். எலும்போட 1 கிலோ கோழிக்கு வினிகர் அரை கப், சோயா கால் கப்புக்குக் கொஞ்சம் மேல, ஒரு முழுப் பூண்டு, முழு மிளகு ஒரு ஸ்பூன். தென்னங்கள் வினிகர் கிடைச்சா ரொம்ப நல்லது. வினிகர் கொதிச்சு நெடி அடங்குறவரை மூடாதீங்க, கிளறாதீங்க. நம்ம பிரிஞ்சி இலையில பட்டை வாசம் தூக்கும், ஒண்ணே போதும். உப்பைக் கடைசியில பாருங்க. தயவுசெஞ்சு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் சேர்க்காதீங்க.

பதில் 3: சாப்பிடறதுக்கு முன்னாடி சின்னவங்க 'மானோ போ'ன்னு (பெரியவங்ககிட்ட ஆசி கேக்கற சொல்) சொல்லி, குனிஞ்சு, பாட்டியோட புறங்கையை நெத்தியில ஒத்திக்கச் சொல்லுங்க. முத்தமிடறது இல்ல, நெத்தி பட்டா போதும்.