பரங்கிமலைக்குப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகள்

மன்னார்குடி:
சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் படித்தவர்கள், அவர்களோடு பழகியவர்கள் நம்ம பக்கம் இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, 1987க்கு அப்புறம் வந்த பத்து வருஷம். நானே தொடங்குகிறேன்.

1992 செப்டம்பரில்தான் அங்கே முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தார்கள், 25 பேர். அதுவரை ராணுவத்தில் பெண் என்றால் டாக்டர், நர்ஸ், அவ்வளவுதான். 1993 மார்ச் 6ஆம் தேதி அவர்கள் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். பேப்பரில் வந்த செய்தியை வெட்டி, பெரியம்மா மகள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். அந்த 25 பேரில் ஒருவரான பிரியா ஜிங்கன், பெண்களையும் எடுங்கள் என்று ராணுவத் தளபதிக்கே கடிதம் எழுதியவர். அதைச் சொல்லிச் சொல்லியே அக்கா பெரியப்பாவைக் கரைத்தாள். “நடவு நேரத்துல யாரு கூட வர்றது?” என்று கேட்டவர், பெங்களூரில் நடந்த ஐந்து நாள் தேர்வுக்குத் தானே துணைக்குப் போனார்.

பயிற்சி முடிந்த அணிவகுப்பைப் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். சம்பா அறுத்துக் களம் ஓய்ந்திருந்த நேரம். பெரியப்பாவின் முழங்கையில் வைக்கோல் கீறல்கூட ஆறவில்லை. அக்கா வந்து நின்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் இருந்த நட்சத்திரத்தை, நெல்மணியின் ஈரம் பார்ப்பது போல, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

வலங்கைமான்:
என் மாமா அதற்கெல்லாம் முந்தியவர். 1962 சீனப் போரில் அதிகாரிகள் போதவில்லை என்று தெரிந்ததும், 1963 ஜனவரியில் சென்னையிலும் புனேயிலும் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். புனே பள்ளி 1964லேயே மூடப்பட்டது, சென்னை நிலைத்தது. 1988ல் அது அகாடமி ஆனாலும் மாமா வாயில் கடைசிவரை பழைய பெயரான ‘ஓ.டி.எஸ்.’தான் (ஆபீசர்ஸ் ட்ரெயினிங் ஸ்கூல்).

1987 நவம்பரில், இந்திய அமைதிப்படையோடு போன மேஜர் பரமேஸ்வரன் இலங்கையில் இறந்த செய்தி வந்தபோது நான் மாமா பக்கத்தில் இருந்தேன். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டவர், போர்வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர். அவரும் பரங்கிமலையில் பயின்று 1972ல் அதிகாரியானவர். மாமா அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் “எங்க பள்ளிக்கூடத்துப் பையன்” என்று சொல்லிவிட்டு இலையை மடித்து எழுந்துவிட்டார். இப்போது அங்கே அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்குப் பரமேஸ்வரன் பெயர்தான். மாமா இருந்திருந்தால் ஒருமுறையாவது கூட்டிப் போயிருப்பேன்.

திருவையாறு:
தொண்ணூறுகளின் நடுவில், தஞ்சாவூரிலிருந்து எழும்பூர் போகும் ராத்திரி ரயில். எதிர் சீட்டில் முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். எல்லாரும் படுத்த பிறகு பையிலிருந்து கறுப்பு பூட்ஸை எடுத்தார். துணியை விரலில் சுற்றி, ஒரு சொட்டு தண்ணீர், ஒரு துளி பாலிஷ் என்று முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மயிலாடுதுறை தாண்டியும் கை நிற்கவில்லை. கடைசியில் கேட்டேவிட்டேன். “பரங்கிமலையில் ட்ரெயினிங், லீவு முடிஞ்சு போறேன்” என்றார். ஊர் மன்னார்குடிப் பக்கம் என்றும் சொன்னார். அவர் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

மன்னார்குடி அக்கா, உங்க அக்கா எந்த வருஷம் சேர்ந்தாங்க? அந்த ரயில் ஞாபகம் இருக்கான்னு அவங்ககிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.