முன்னவர்கள் விட்டுச்சென்ற ஆய்வு நிரலை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீசியஸ்):
மொரீசியஸ், ரெயூனியன் தீவுகளின் அன்றாட மழையளவை ஒப்பிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எனக்கு முன்னிருந்த மூன்று மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுதிச் சேர்த்த பைத்தான் நிரல், ஒரே கோப்பில் 4,000 வரிகளாக என் கைக்கு வந்திருக்கிறது. ரெயூனியன் நிலையம் ஒன்றின் தரவில் பிரெஞ்சு வழக்கப்படி தசமத்துக்குக் காற்புள்ளி இட்டிருக்க, நிரல் அதை ஆயிரப் பிரிப்பென்று கருதி நீக்கி, 12,5 மில்லிமீட்டரை 125 ஆக்கியிருந்ததைச் சென்ற மாதம் தற்செயலாகக் கண்டேன். மலைப்பகுதி நிலையம் என்பதால் அதுவரை யாரும் ஐயுறவில்லை. முழு நிரலையும் புதிதாக எழுதிவிடலாமா?

மறுமொழி 1 (டர்பன்):
வேண்டாம். இப்போதிருக்கும் நிலையிலேயே அதை முதலில் கிட்டில் (Git, நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) பதிவு செய்யுங்கள், அழகுபடுத்துவதெல்லாம் பிறகு. அடுத்து, ஒரு நிலையத்தின் பத்து நாள் மழையைத் தாளில் கூட்டி, அந்த விடையோடு நிரலின் விடையை ஒப்பிடும் சோதனையொன்றை பைடெஸ்டில் (pytest, பைத்தான் நிரலைச் சோதிக்கும் கருவி) எழுதுங்கள். (தசம எண்களைச் சரிசமமா என்று கேட்காமல், சிறு வேறுபாட்டுக்கு இடங்கொடுங்கள், கணினிக்கு 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் துல்லியமாக 0.3 ஆவதில்லை.) அதன்பின் நிரலைச் சிறு செயற்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதனையை ஓட்டுங்கள். புரத அமைப்பு ஆய்வாளர் ஜெஃப்ரி சாங், ஆய்வகத்து நிரலொன்று தரவு அட்டவணையின் இரு நெடுவரிசைகளை இடம்மாற்றியதால் 2006-இல் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. விடை தெரிந்த சிறிய தரவில் ஓட்டிப் பார்ப்பதே இத்தகைய பிழையைப் பிடிக்க எளிய வழி.

மறுமொழி 2 (செயின்ட் ஆந்த்ரே, ரெயூனியன்):
மேற்சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நம்பமுடியாத அளவுகளை நிரலே நீக்கட்டும் என்று வரம்பு வைக்கப் பலருக்குத் தோன்றும். எங்கள் தீவின் ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. 500-இல் வரம்பு வைத்தால் உண்மையான புயல்மழையையே இழப்பீர்கள், உங்கள் 125-ஐயோ அந்த வரம்பு தொடவே தொடாது. ஆகவே வரம்பைத் தாண்டுவதை நிரல் நீக்காமல், நீங்கள் பார்ப்பதற்காகக் குறித்து வைக்கட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றுப் பத்து நாள் கணக்கைக் கையால் போட்டேன். ஒன்பது நாள்கள் பொருந்தின. பத்தாம் நாள் மழைமானி பழுதாகிப் பதிவே இல்லாதிருக்க, நிரல் அதைச் சுழியமாக எடுத்திருக்கிறது. அதற்கான சோதனையை இன்று எழுதுகிறேன்.