காலாவதியான எத்திக்ஸ் அனுமதி: தென்னாப்பிரிக்காவில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் உங்களை இன்னும் உறுத்துவது எது?

சாட்ஸ்வர்த் மருமகள்:
நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தில்தான் என் ஆய்வு. எத்திக்ஸ் அனுமதியை, அதாவது ஆய்வு நெறிமுறைக் குழு தரும் அனுமதியை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், உங்களுக்கே தெரியும். அந்த மார்ச்சில் மகனுக்கு உடம்பு சரியில்லை, படிவம் மேசையிலேயே கிடந்துவிட்டது. ஐந்து வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் 23 பேரிடம் ரத்தம் எடுத்திருந்தேன். ஒன்றையும் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. ஐந்து வாரத் தாமதத்துக்கு இவ்வளவா என்று அன்றைக்கு அழுதேன்.

அந்த 23 பேரில் ஒரு ஆயா. நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தினேன். "பரவாயில்லைம்மா, முப்பது வருஷம் ஃபாக்டரியில தையல் மெஷின் ஓட்டின கை, தாங்கும்" என்றார். அவருடைய ரத்தக் குழாயை நானேதான் மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில் போட்டேன்.

டோங்காட் தம்பி:
அக்கா, எனக்கு லோட் ஷெடிங், முறை வைத்து மின்வெட்டு. 2023, ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராக லேபுக்குப் போனேன். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் பூஜ்ஜியத்துக்கு மேலே காட்டியது. ஜெனரேட்டர் ஓடவே இல்லை. உள்ளே கையை விட்டால் அட்டைப்பெட்டி ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. மாதிரிகளில் இருந்த ஆர்.என்.ஏ, குளிர் இல்லாவிட்டால் சிதைந்துவிடும் மரபணுப் பொருள், எல்லாம் போச்சு. ஒரு அத்தியாயத்தின் கேள்வியையே மாற்றி எழுதினேன்.

பீனிக்ஸ் பெரியண்ணன்:
தங்கச்சி, வருத்தம் புரிகிறது, ஆனால் குழு செய்தது சரிதான். அனுமதி இல்லாத நாளில் எடுத்த ரத்தம் யாருக்கும் பதில் சொல்ல முடியாத ரத்தம். தம்பி, எல்லா மாதிரியையும் ஒரே ஃப்ரீசரில் வைக்கலாமா? பாதியை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும்.

இனி வருபவர்களுக்கும் சொல்கிறேன். இந்த நாட்டில் முனைவர் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது 3,600 மணி நேர வேலை. ஆனால் நாட்களைத் தின்பது அனுமதிகள்தான். எலியைத் தொடுகிறீர்களா? விலங்கு எத்திக்ஸ் மட்டும் போதாது, கால்நடை மருத்துவர் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரமும் வேண்டும். மனித மாதிரி வெளிநாடு போகிறதா? சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதி, அப்புறம் 2018இல் அரசிதழில் வந்த மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம். இரண்டையும் முதல் வருடமே தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு கிடையாது, வெளித் தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து அறிக்கை எழுதுவதோடு சரி. எதிரே உட்கார்ந்து விளக்க முடியாது, அதனால் செய்முறை அத்தியாயத்தில் ஒரு தேதியும் விடுபடக் கூடாது. என் தேர்வாளர் ஒருவர் ஏழு மாதம் வைத்திருந்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: எத்திக்ஸ் எண் எங்கே?

சாட்ஸ்வர்த் மருமகள்:
அண்ணே, விதி தப்பு என்று இன்றைக்கு நான் சொல்லவில்லை. புது அனுமதி வந்ததும் 23 பேரையும் திரும்பக் கூப்பிட்டேன், 14 பேர் வந்தார்கள். அந்த ஆயாவும் வந்தார். புதுப் படிவத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்தத் தடவை மற்ற கையை நீட்டினார். "போன தடவை எடுத்த ரத்தத்துல என்னம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

நான் நரம்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.